நாற்பதில் சேராதவன்

நம் நண்பர் ஒருவர் சென்ற ஆண்டில் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் மனைவி மக்களுடன் நம் இல்லம் வந்தார். விடைபெறும் ஸலாம் சொல்ல வந்தவர். அவர் பணிபுரியும் நிறுவனம் அவரை இரண்டாண்டுத் தவணைக்கு வியட்நாம் நாட்டின் ஹோ சி மின் நகருக்கு அனுப்புகிறது. குடும்பத்தையும் உடன் அழைத்துச் செல்ல இசைவு தந்திருக்கிறது. அந்நகருக்கு அப்பெயர் சூட்டப்பெற்றது 1976-இல். ஆயினும் புதுச்சேரியின் முதியோர் அப்பெயரால் அதனை அழைத்து நாம் கேட்டதில்லை. நம்மூராருக்கு அது இன்றும் சைகோன்தான்.

தேநீர் அருந்தியவாறே நண்பர் தம் ஏற்பாடுகளை விவரித்தார். “இரண்டே வருஷம்தானே அண்ணே! சட்டி பானை எதுவும் வாங்கப் போவதில்லை. கட்டில்கூட வேண்டாம், பாய் போதும். பிள்ளைகளுக்கு அந்த ஊர்ப் பாஷை எதற்கு? அக்கம் பக்கத்தில் பழகி என்ன ஆகப் போகிறது? போனோம், நாலு காசு சேர்த்தோம், வந்தோம் என்று இருக்க வேண்டியதுதான்.”

அவருடைய துணைவியார் ஒன்றும் சொல்லவில்லை. ஏழு வயது மகள் மட்டும், தன் சைக்கிளை அங்கே கொண்டு போகலாமா என்று மெல்லக் கேட்டாள். “வந்து ஓட்டிக்கொள்ளலாம், எங்கே ஓடிவிடப் போகிறது?” என்றார் தந்தை. அவள் திரும்பி வரும்போது ஒன்பது வயதாகியிருக்கும், சைக்கிள் சிறியதாகிவிடும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், அப்போது நமக்கும் தோன்றவில்லை.

துஆச் செய்து அனுப்பிவைத்தோம். ஆனால் அவர் சொற்கள் நம்மை விட்டு அகலவில்லை. குறித்த தவணையோடு, குடும்பத்தோடு, அயல்நாட்டில் தங்கச் செல்பவன் யார்? வழிப்போக்கனா, ஊர்க்குடியா? வழிப்போக்கன் எனில், சத்திரத்துத் திண்ணைக்குச் செலுத்தும் மரியாதையைச் செலுத்திவிட்டு எழுந்து போகலாம். குடி எனில் அவன் அவ்வூருக்குச் சில கடன்கள் பட்டவனாகிறான். இரண்டுமல்லாத ஒரு நிலை உண்டா? உண்டெனில் அதன் அறம் யாது?

இவ்வினாவை நம் சட்ட அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் அதனைத் தத்துவமாக எழுப்பவில்லை; தொழுகையின் கணக்காகவே எழுப்பினார்கள். பயணத்தில் இருப்பவன் நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கித் தொழலாம் என்பது அனைவரும் அறிந்தது. இச்சலுகை எதுவரை? ஹனஃபி மத்ஹபில், ஓரூரில் பதினைந்து நாள் தங்க நிய்யத்துச் செய்துவிட்டால் அவன் முஸாஃபிர் அல்லன், முகீம். ஷாஃபிஈ மத்ஹபிலோ, சென்று சேரும் நாளையும் புறப்படும் நாளையும் நீக்கி நான்கு நாள் தங்க எண்ணினாலே போதும், சலுகை முடிந்தது. இரண்டாண்டு எங்கே, நான்கு நாள் எங்கே!

இதில் ஒரு நுட்பம் உண்டு. ‘நாளை புறப்படுவேன், நாளை மறுநாள் புறப்படுவேன்’ என்று நாள் தெரியாமல் காத்திருப்பவனிடம் சட்டம் இரக்கம் காட்டுகிறது. ஷாஃபிஈ சட்டம் அவனுக்குப் பதினெட்டு நாள் வரை தருகிறது. ஹனஃபி சட்டமோ, அந்த ‘நாளை’ ஆண்டுக்கணக்கில் நீண்டாலும் அவனைப் பயணி என்றே ஏற்கிறது. அவனுக்குத் தங்கும் எண்ணம் இல்லை. காலம் அவனைத் தங்கவைத்துவிட்டது. 1908-இல் பிரிட்டிஷ் அரசின் கைக்குத் தப்பிப் புதுச்சேரிக்கு வந்த பாரதியார் இத்தகையவர். எப்போது திரும்புவோம் என்று அறியாதவராகவே 1918 நவம்பர் வரை பத்தாண்டுகள் மனைவி மக்களோடு இங்கே வாழ்ந்தார். ஆனால் கையில் ஒப்பந்தத்தாளை வைத்திருப்பவன் அந்தச் சலுகையைக் கோர முடியாது. அவனுக்குத் திரும்பும் நாள் தெரியும். இரண்டாண்டு முடிந்ததும் போய்விடுவேன் என்று எந்தத் தேதியைக் காட்டி அவன் தன்னைப் பயணி என்கிறானோ, அந்தத் தேதியே அவனை முகீம் ஆக்கிவிடுகிறது.

ஆயினும் முகீம் ஆனவன் எல்லாவகையிலும் ஊர்க்குடி ஆகிவிடுகிறானா என்றால், இல்லை. ஷாஃபிஈ அறிஞர்கள் இங்கே மூன்றாவது ஒரு நிலையைக் கண்டார்கள். ஜும்ஆ நிறைவேற நாற்பது ஆண்கள் வேண்டும் என்பது அம்மத்ஹபின் சட்டம். அந்த நாற்பதின்மரும் அவ்வூரையே வதனாகக் கொண்டவர்களாக, கோடையிலும் குளிரிலும் தேவைக்கன்றி இடம்பெயராதவர்களாக இருத்தல் வேண்டும். ஒருநாள் திரும்பிவிடும் எண்ணத்தோடு தங்கியிருப்பவன் மீது ஜும்ஆ கடமை; அவன் வந்தே ஆக வேண்டும். ஆனால் நாற்பதில் அவனைச் சேர்த்து எண்ண முடியாது. வதனாகக் கொண்டோர் முப்பத்தொன்பது பேர் இருக்க, இவன் நாற்பதாவதாக வந்து அமர்ந்தாலும் தொகை நிறையாது.

கடமை உண்டு, கணக்கில் இடமில்லை. இதனை இளமையில் ஓதியபோது, இது என்ன ஓரவஞ்சனை என்று நினைத்ததுண்டு. வருந்தி அழைத்துவிட்டு எண்ணாமல் விடுவதா? வயது ஏறிய பின்னரே இதில் ஒரு நேர்மை இருப்பதைக் கண்டோம். ஓரூரின் இருப்பை, எழுந்து போய்விடக்கூடியவர்களின் மீது கட்டக்கூடாது. அதே வேளையில், எழுந்து போகப் போகிறவன் என்பதனால் எவனுக்கும் கடமை தள்ளுபடி ஆகாது. தற்காலிகக் குடியின் அறம் முழுவதும் இவ்விரண்டிலும் அடங்கும் என்பது நம் எண்ணம். பிழை செய்வோர் இவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிடுகிறார்கள். கணக்கில் இல்லை, ஆகவே கடமையும் இல்லை என்பது ஒரு பிழை. கடமையைப் பற்றிக் கவலையில்லை, கணக்கில் மட்டும் சேர்த்துக்கொள் என்பது மற்றொன்று. நம்மூரார் சைகோனில் இரண்டையும் செய்திருக்கிறார்கள்.

பிரெஞ்சுக்காரர் சைகோனைக் கைப்பற்றியது 1859-இல். 1862-இல் கொச்சின்சீனா அவர்களின் காலனியாயிற்று. அங்கே எழுத்தராகவும், காவலராகவும், வரி வசூலிப்போராகவும் பணிபுரிய ஆட்கள் தேவைப்பட்டனர். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சு கற்ற இளைஞர்கள் இருந்தனர். அவர்களைத் தொடர்ந்து வணிகர்களும் சென்றனர். மார்சேயிலிருந்து சூயஸ் வழியே வரும் கப்பல்கள் கொழும்பையும் சிங்கப்பூரையும் தொட்டுச் சைகோன் செல்லும். தம் மண்ணை விட்டு நீங்கியும் அதே கொடியின் கீழ் வாழலாம் என்பது அவர்களுக்கு இருந்த ஆறுதல்.

சென்றவர்களில் முதல் வகையினரான நகரத்தாரின் ஏற்பாடு மிகத் தெளிவானது. முதலாளி ஊரில் இருப்பார். முகவர் மூன்றாண்டுத் தவணைக்குச் செல்வார். மனைவி மக்களை அழைத்துச் செல்வதில்லை. கிட்டங்கியில் உறங்கி, அங்கேயே பொதுச் சமையலில் உண்டு, தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டுத் திரும்புவார். தற்காலிகம் என்பதைத் தற்காலிகமாகவே வைத்துக்கொள்ளும் துறவு போன்ற ஒழுங்கு அது. குடும்பத்தைக் கொண்டு செல்லாததன் பொருளை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள் என்றே கருதுகிறோம். பெண்ணும் பிள்ளையும் வந்துவிட்டால் அடுப்பு வந்துவிடும். அடுப்பு வந்தால் அண்டைவீடு வந்துவிடும். அதன்பின் ‘நான் வழிப்போக்கன்’ என்று சொல்லிக்கொள்ள முடியாது. (பெண்டிரின் தனிமையில் கட்டப்பட்ட ஒழுங்கு அது என்பதையும் மறத்தற்கில்லை.)

இரண்டாம் வகையினர் நம்மவர்கள். துணிக்கடை வைத்தோரும் அக்கடைகளில் ஊழியம் செய்தோரும் பெரும்பாலும் தனியராகவே சென்றார்கள். ஆனால் எல்லாரும் தனியராகவே இருந்துவிடவில்லை. அவ்வூர்ப் பெண்களை மணந்தார்கள், பிள்ளைகளைப் பெற்றார்கள். சிலர் இறுதிவரை அவர்களோடு வாழ்ந்து, ஊர் திரும்பியபோது அவர்களையும் அழைத்து வந்தார்கள். புதுச்சேரியின் சில வீடுகளில் அரிசித்தாளில் இறைச்சியை வைத்துச் சுருட்டிப் பொரிக்கும் வியட்நாமியப் பலகாரம் இன்றும் செய்யப்படுவது அந்த அன்னையரின் கைப்பக்குவத்தால்தான். வேறு சிலரோ, இது தங்கிய ஊர், அது சொந்த ஊர் என்று வாழ்க்கையை இரண்டாக மடித்து, ஒரு மடிப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். நம் முன்னோர் என்பதனால் இதைச் சொல்லாமல் விட நமக்கு உரிமையில்லை. வழிப்போக்கன் என்ற எண்ணம் ஒருவனை எளியவனாக்கும், உண்மை. அதே எண்ணம் அவனைப் பொறுப்பற்றவனாகவும் ஆக்கும்.

மூன்றாம் வகையினர் அரசுப் பணியாளர். 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணையால், தம் சமூக வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்க விரும்பும் இந்தியருக்கு அவ்வாய்ப்புத் தரப்பட்டது. அவ்வாறு துறந்தோர் பிரெஞ்சுக் குடும்பப் பெயர்களைச் சூடிக்கொண்டனர். பெரும்பாலோர் கிறித்தவர், முஸ்லிம்கள் மிகச் சிலரே. சாதியின் சுமையை இறக்கிவைக்க அது ஒரு வழியாக இருந்தது என்பதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கொச்சின்சீனாவில் அதன் விளைவு விசித்திரமானது. சில ஆண்டுகளுக்கு அங்கே தங்க வந்த புதுச்சேரிக்காரர் தேர்தலில் வாக்களித்தார்; ஐரோப்பியருக்குரிய சம்பளத்தையும் விடுப்பையும் கோரினார். அம்மண்ணில் பிறந்து அம்மண்ணிலேயே புதையப்போகும் வியட்நாமியரில் மிகப் பெரும்பாலோருக்கு அந்த வாக்கு இல்லை. தங்குபவன் நாற்பதில் எண்ணப்பட்டான். வதனாகக் கொண்டவன் வாசலில் நின்றான். தமக்குச் சமநீதி கேட்டதில் நம்மூரார் குற்றவாளிகள் அல்லர். ஆனால் அந்த நீதி யாருடைய தலைமேல் ஏறி நின்று தரப்படுகிறது என்று குனிந்து பார்த்தவர் மிகச் சிலர். சந்தையில் வரி வசூலிக்க வந்த இந்தியனை அவ்வூரார் விரும்பவில்லை என்றால் அதில் வியப்பென்ன?

இத்தனையும் சொன்ன பின், ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. சைகோனின் நடுவில், தோங் து தெருவில், ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. 1935-இல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டியது. கட்டியோரில் பெரும்பாலோர் திரும்பிவிடும் எண்ணத்தோடு தங்கியிருந்தோர். ஷாஃபிஈ சட்டப்படி நாற்பதில் சேராதவர்கள். தம்மை வைத்துக் கணக்கு நிறையாத ஊரில் அவர்கள் பள்ளி கட்டினார்கள். 1975 ஏப்ரல் 30-இல் சைகோன் வீழ்ந்த பின் இந்தியரில் பெரும்பாலோர் வெளியேறினர். இன்று அப்பள்ளியில் சாம் இன முஸ்லிம்களும், பல நாட்டவரும் தொழுகிறார்கள். அதே நகரில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயிலில் இன்று விளக்கேற்றுவோரும் பெரும்பாலும் வியட்நாமியரே. கணக்கில் இல்லாதவன் கடமையைச் செய்தால் அது எவ்வாறிருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நமக்குக் கிடைக்கவில்லை.

தற்காலிகம் என்ற சொல்லை நாம் எவ்வளவு இலகுவாக வழங்கினாலும், காலம் அதனை அவ்வாறு எடுத்துக்கொள்வதில்லை. 1954-ஆம் ஆண்டைப் பாருங்கள். மே 7-இல் டியன் பியன் பூ வீழ்ந்தது. ஜூலையில் ஜெனீவா உடன்படிக்கை. நவம்பர் 1-இல் புதுச்சேரியின் நிருவாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சைகோனில் தங்கியிருந்த நம்மூரானுக்கு, தங்கிய ஊரும் சொந்த ஊரும் ஒரே ஆண்டில் கைமாறின. பின்னர் 1956-இல் கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தபோது, சட்டம் ஒவ்வொருவரையும் நோக்கி ஒரே கேள்வியைக் கேட்டது: இன்று உன் குடியிருப்பு எங்கே? புதுச்சேரியில் பிறந்து அங்கேயே குடியிருந்தவர் இந்தியக் குடிமகன் ஆனார். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டுமெனில் ஆறு மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும். அங்கே பிறந்து இந்தியாவுக்கு வெளியே குடியிருந்தவர் பிரெஞ்சுக்காரராகவே நீடித்தார். இந்தியர் ஆக வேண்டுமெனில் அவர்தாம் எழுதித் தர வேண்டும். ‘நான் இங்கே சும்மா தங்கியிருக்கிறேன், என் ஊர் புதுச்சேரி’ என்று நாற்பதாண்டு சொல்லிவந்தவரின் சொல்லை ஒப்பந்தம் கேட்கவில்லை. அவர் வீட்டு வாசலைப் பார்த்தது. தந்தையின் தேர்வு, மணமாகாத, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் கட்டுப்படுத்தியது.

பிள்ளைகள் என்ற இடத்தில்தான் நம் நண்பரின் வாதம் முற்றிலும் உடைந்துபோகிறது. நாற்பது வயதினருக்கு இரண்டாண்டு என்பது வாழ்வில் இருபதில் ஒரு பங்கு. ஏழு வயதுச் சிறுமிக்கு அது அவள் வாழ்ந்ததில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். அவள் நினைவு நிலைபெறத் தொடங்கும் பருவம் அது. அப்பருவத்தில் அவளிடம் ‘இங்கே யாரோடும் ஒட்டாதே, இது நம் ஊரன்று’ என்று சொல்வது, ‘இரண்டாண்டு வளராதே’ என்று சொல்வதற்கு ஒப்பாகும். பிள்ளைக்குத் தற்காலிகப் பருவம் என்று ஒன்றில்லை. தந்தை கையெழுத்திட்ட தவணையை அவள் உடல் அறியாது.

இல்லத்தரசியின் நிலையையும் கருத வேண்டும். பாய் போதும் என்பவர் பகலெல்லாம் குளிரூட்டிய அலுவலகத்தில் நாற்காலியில் அமர்ந்திருக்கப் போகிறவர். அவருக்கு அங்கே தோழர்கள் உண்டு, பேச்சு உண்டு, மாதச் சம்பளத்தின் வழியே ஒரு மதிப்பும் உண்டு. வீட்டில் இருப்பவருக்கோ அந்த ஊர் என்பது சந்தை, மருத்துவர், பக்கத்து வீட்டுப் பெண். இவர்களோடு பேச நான்கு சொல் கற்க வேண்டாம் என்று ஆணையிடுவது, அவரை இரண்டாண்டு ஊமையாக இருக்கச் சொல்வதாகும். ஒட்டாமல் வாழ்வதன் விலையை ஆணையிடுபவர் செலுத்துவதில்லை.

வளைகுடா நாடுகளைக் காட்டி ஒருவர் நம்மை மறுக்கலாம். அங்கே தங்கும் நாடே நம்மை ஒட்டவிடுவதில்லையே, வேலை போனால் மறுநாள் வெளியேறத்தானே வேண்டும் என்பார். உண்மைதான், தம்மூரில் முப்பதாண்டு உழைத்தவனையும் விருந்தாளி என்றே வைத்திருக்கும் நாடுகள், தம் பங்குக் கடனை நினைத்துப் பார்க்க வேண்டியவையே. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். சவூதி அரேபியாவில் நம்மவர் சட்டைப்பையில் உயிரைப்போல் வைத்துக் காக்கும் அட்டைக்குப் பெயர் இகாமா. முகீம் என்ற சொல்லும் இகாமா என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. எவ்வளவு இறுக்கமான அரசாயினும், தங்குபவனுக்குத் தரும் தாளில் அவனைப் பயணி என்று எழுதவில்லை. தன்னைப் பயணி என்று எழுதிக்கொள்பவன் அவன்தான். அதனால்தான் குழாய் ஒழுகினாலும் பழுதுபார்க்காத அறையில் பத்தாண்டு படுத்துறங்குகிறான். ஊரில் கட்டும் மாளிகையிலோ உறங்க ஆளில்லை.

இவற்றையெல்லாம் நண்பருக்கு எழுதவில்லை. அயலூரில் புதிதாகக் கால்வைத்திருப்பவருக்கு உபதேசம் அனுப்புவது முறையன்று என விட்டுவிட்டோம். அவ்வப்போது தொலைபேசியில் பேசுவார். முதல் மாதம் முழுவதும் சாப்பாட்டைப் பற்றிய புகார். மூன்றாம் மாதம், தோங் து தெருப் பள்ளிக்கு ஜும்ஆவுக்குப் போனதையும், அது தமிழ் முஸ்லிம்கள் கட்டிய பள்ளி என்று அங்கே ஒருவர் இவருக்கே எடுத்துச் சொன்னதையும் வியந்து கூறினார். பின்னொரு நாள், தரையின் ஈரம் தாங்காமல் கட்டில் வாங்கிவிட்டதாகச் சொன்னார்; அதில் சிறிது நாணம் இருந்தது. மகள் கீழ்த்தளத்துப் பாட்டியிடம் அந்த மொழியில் பேரம் பேசிப் பழம் வாங்குகிறாளாம். அவளுக்கு அங்கேயே ஒரு சைக்கிளும் வாங்கியாயிற்று.

சென்ற வாரம் பேசியபோது குரல் தணிந்திருந்தது. நிறுவனம் மேலும் ஓராண்டு இருக்கச் சொல்கிறதாம். துணைவியார் இசைந்துவிட்டார். முல்லா வீதியில் தனித்திருக்கும் தம் அன்னையாரிடம்தான் இன்னும் சொல்லவில்லை என்றும், நாம் ஒருமுறை நேரில் சென்று பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

இருமுறை சென்று வந்தோம். அந்த அம்மையார் நாட்காட்டியில் நாட்களை அடித்துக்கொண்டு வருகிறார். எத்தனை நாள் மீதமிருக்கிறது என்று அவரே நமக்குச் சொன்னார். தேநீர் அருந்திவிட்டு, வேறு எதையோ பேசித் திரும்பிவிட்டோம். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் மீண்டும் செல்ல வேண்டும்.